நனைந்த தபால் தலை, நனைந்த பத்திரம்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஈரத்தைப் பற்றியவை. ஐப்பசி நெருங்கும்போது இது வழக்கம்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் ஒரு நீதிமன்றத்தின் பழைய வழக்குக் கட்டுகள் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரெவின்யூ ஸ்டாம்பும் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் சேகரிக்கிறேன். தபால் தலைகளும் உண்டு, ஆனால் மனசு முதலில் போவது ரெவின்யூ பக்கம்தான். தண்ணீரால் அதிகம் அழிவதும் அவைதான்.

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி: எங்கள் ஐயா பினாங்கிலும் ரங்கூனிலும் லேவாதேவி செய்தவர். அவருடைய புரோநோட்டுகள், ரசீதுகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. ஓடு உடைந்து மழைத் தண்ணீர் இறங்கியதில் பெட்டி நனைந்துவிட்டது. ஸ்டாம்புகளின் ஊதா நிறம் கரைந்து தாளில் பரவியிருக்கிறது. மண்ணும் ஒட்டியிருக்கிறது. கழுவி எடுக்கலாமா? ஊதாக் கறை போக வழி உண்டா?

கழுவ வேண்டாம், ஆச்சி. ஈரத்துணியால் ஒற்றவும் வேண்டாம். அந்த ஊதா கரைந்ததற்கு அச்சு மட்டமானது காரணம் இல்லை. தண்ணீர் பட்டால் கரைய வேண்டும் என்றேதான் அந்த மையைத் தயாரித்தார்கள்.

தபால் தலையை அஞ்சலகம் எண்ணெய் கலந்த கறுப்பு மையால் முத்திரை குத்திச் செல்லாததாக்கும். அந்த மை தண்ணீரில் போகாது. ரெவின்யூ ஸ்டாம்பைச் செல்லாததாக்குவது கையெழுத்துப் போடுகிறவரே. 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, ஸ்டாம்பின் மேல் பெயரையோ பெயரின் முதலெழுத்துகளையோ தேதியோடு எழுதுவதை இதற்கு ஒரு வழியாகச் சொல்கிறது. பேனா மையைக் கெட்டிக்காரர்கள் கழுவி எடுத்துவிடுவார்கள். அதே ஸ்டாம்பை இன்னொரு நோட்டில் ஒட்டினால் அரசுக்கு வரவேண்டிய காசு போயிற்று. அதனால்தான் லண்டனில் டி லா ரூ அச்சகம் ஒரு வழி கண்டது. பேனா மையைக் கழுவப் போனால் ஸ்டாம்பின் நிறமும் கூடவே போய்விடும்படி மை செய்தார்கள். இந்த மைகள் ஊதாவிலும் பச்சையிலும்தான் நன்றாக அமைந்தன. பிரிட்டனில் 1881இல் தபாலுக்கும் வரிக்கும் பொதுவான ஒரு பென்னி ஊதாத் தலை வந்தது. 1883, 1884இல் ஊதாவும் பச்சையுமாக ஒரு முழு வரிசையே வந்தது. அவற்றில் பச்சைத் தலையைத் தண்ணீரில் போட்டால் நிறம் மாறிப்போகும். பிரிட்டிஷ் காலனித் தலைகளில் இந்த இரண்டு நிறமும் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே பெரிய காரணம். பினாங்கில் புழங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய பிரிட்டிஷ் காலனி) தலைகளில் ‘போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூ’, அதாவது தபாலுக்கும் வரிக்கும், என்று அச்சிட்டிருக்கும். உங்கள் நோட்டுகளில் இருப்பவையும் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இப்படிப்பட்ட தலைகள் பலவற்றைச் சுண்ணப் பூச்சுப் பூசிய தாளில் அச்சிட்டார்கள். படம் பதிந்திருப்பது அந்தப் பூச்சின் மேல்தான். தண்ணீர் பட்டால் பூச்சு இளகும். அந்த நேரத்தில் விரல் பட்டாலே அரசர் முகம் பூச்சோடு வந்துவிடும். எந்தத் தாள் என்று கண்டுபிடிக்க வெள்ளியால் ஓரத்தில் உரசிப் பார்க்கச் சொல்வார்கள். பூச்சுத் தாளில் கறுப்புக் கோடு விழும், உண்மைதான். விழுந்த கோடு அப்புறம் போகாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துப் பழகினாலே வேறுபாடு தெரியும், உரச வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. இன்னும் ஈரம் இருந்தால் ஒவ்வொரு தாளாக, எழுத்து மேலே தெரிய, வெள்ளை மை ஒற்றும் தாளின் மேல் பரப்புங்கள். கலர் தாளோ செய்தித்தாளோ வேண்டாம், அவற்றின் மை இதில் ஏறிவிடும். மின்விசிறி சுற்றட்டும், ஆனால் நேரே தாளைப் பார்த்து அல்ல. வெயில் ஆகாது. அடியில் இருக்கும் ஒற்றுத் தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களை இழுக்காதீர்கள்; ஓரம் காய்ந்து தானே விலகும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். மண்ணை ஈரத்தில் தொட்டால் அது நார்களுக்குள் இறங்கிவிடும். முழுக்கக் காய்ந்த பிறகு, ஓவியர்கள் வைத்திருக்கும் மெல்லிய தூரிகையால் ஸ்டாம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டி விடுங்கள்.

பரவிய ஊதா திரும்பப் போகாது. பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். கறையோடு உங்கள் ஐயாவின் கையெழுத்தும் வெளுத்துவிடும். ஸ்டாம்பை மட்டும் தாளிலிருந்து பிரித்துக் காப்பாற்றலாம் என்ற எண்ணமும் வேண்டாம். யார், எந்த ஊரில், எவ்வளவு வட்டிக்கு, எந்தத் தேதியில் வாங்கினார் என்பதோடு ஸ்டாம்பும் சேர்ந்திருக்கும்போதுதான் அந்தத் தாளுக்கு அர்த்தம். பிரித்துவிட்டால் கையில் இருப்பது நிறம் போன ஒரு துண்டு, அவ்வளவுதான்.

ரங்கூன் காகிதங்களைத் தனியாக வையுங்கள். பர்மா 1937 ஏப்ரல் வரை இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் அதுவரைக்குமான நோட்டுகளில் இந்திய ஸ்டாம்பே இருக்கும். 20 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கிய ரசீதுக்கு ஓரணா ஸ்டாம்ப் என்பது அன்றைய விதி. 1906இல் வந்த ஏழாம் எட்வர்டின் அரையணா, ஓரணாத் தலைகள் தபாலுக்கும் ரெவின்யூவுக்கும் பொது என்பதால், ரசீதில் தபால் தலை ஒட்டியிருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். அது சரியான ஸ்டாம்ப்தான். காய்ந்ததும் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய கறுப்பு மசியில் எழுதியது பெரும்பாலும் நிற்கும். ஊதா நிற காப்பியிங் பென்சிலில் எழுதியதும், ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மையும் அடுத்த ஈரத்தில் போய்விடும். அதனால் அவற்றை முதலில் போட்டோ எடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் அப்பாவின் ஸ்டாம்ப் ஆல்பம் மூழ்கிவிட்டது. வீட்டுக்குத் திரும்பவே சில நாள் ஆனது. எடுத்து வெயிலில் காயவைத்தோம். இப்போது பக்கங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு கட்டையாகக் கிடக்கிறது. உள்ளே 1948 காந்தி தலைகள் நான்கும் இருக்கின்றன. அப்பா ஆசையாக வைத்திருந்தவை. பிரிக்க முடியுமா அக்கா?

நிறையவே மீட்கலாம், தங்கச்சி. எல்லாமும் வரும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

முதலில் ஆல்பத்தை வெளிக்காற்றில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு பாருங்கள். வெள்ளையாகவோ கறுப்பாகவோ பொடி படிந்திருந்தால் பூஞ்சை. வீட்டுக்குள் தட்டாதீர்கள், காய்ந்த தூரிகையால் வாசலிலேயே துடைத்துவிடுங்கள்.

ஒட்டிக்கொண்டிருப்பது தலையின் பின்புறப் பசை. பசை ஈரத்தில் இளகியது, காய்ந்தபோது பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. மறுபடி இளக வைத்தால் விடும். ஆனால் தண்ணீரில் போட்டு இளக வைத்தால் பசை முழுக்கப் போய்விடும், மை போகக்கூடிய தலைகளும் கெடும். அதனால் ஈரக்காற்றால்தான் இளக வைக்க வேண்டும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச். அதற்கு மேல், ஈரம் நேரே தொடாத உயரத்தில், ஒரு பிளாஸ்டிக் வலைத் தட்டு. தட்டின் மேல் தலை ஒட்டிய துண்டு. மூடிவிட்டு அடிக்கடி திறந்து பாருங்கள். மூடியின் உட்புறம் திரளும் துளி தலைமேல் விழக்கூடாது. மூடிக்கு அடியில் ஒரு ஒற்றுத் தாள் வைத்தால் போதும். பசை இளகும் நேரம் தலைக்குத் தலை மாறும். ஓரம் தானாகச் சுருண்டு எழும்போது ட்வீசரால் கிடைமட்டமாக நகர்த்துங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை ஓரத்துப் பற்கள் கிழியும்.

ஆனால் ஆல்பம் முழுவதையும் அப்படியே டப்பாவுக்குள் வைக்க முடியாது. கல்நெஞ்சோடு ஆல்பத்தை அறுக்க வேண்டியதுதான். தலை ஒட்டியிருக்கும் இடத்தைச் சுற்றிப் பக்கத்தை வெட்டி, சின்னத் துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் தாள் போனால் போகட்டும், தலை வரவேண்டும். கத்தியை நடுவில் செருகி நெம்புவதை மட்டும் செய்யாதீர்கள். எங்கள் கட்டுகள் அறையில் நனைந்து ஒட்டிய கோப்புகளைப் பிரித்தபோது நான் பார்த்ததில், தண்ணீர் கெடுத்ததைவிட நெம்பியது கெடுத்தது அதிகம்.

முத்திரை குத்திய, பசை இல்லாத தலைகளில் ஆரம்பித்துக் கை பழகுங்கள். காந்தி தலைகள் கடைசியில். அவை 1948 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவுக்கு வெளியானவை. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவர் முறையில் (படத்தை உலோகத்தில் குழிவாகப் பதித்து அச்சிடுவது) அச்சானவை. அந்தப் பத்து ரூபாய்த் தலையின் பசை கெடாமல் வந்தால் அதிர்ஷ்டம். வெள்ளத் தண்ணீரில் கிடந்ததில் பசை போயிருந்தாலும் மனம் தளர வேண்டாம். பசை இல்லாத தலைக்குச் சந்தையில் விலை வெகுவாக இறங்கும், ஆனால் நீங்கள் விற்கவா போகிறீர்கள்? பசை போய்விட்டதே என்று புதிதாகப் பசை தடவித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அது தலைக்கும் கேடு, நாளை வாங்குபவருக்கும் ஏமாற்று.

பிரித்த தலையைப் பசை மேலே பார்க்க வைத்துக் காய விடுங்கள். தொட்டால் பிசுக்கு இல்லை என்றானதும் பட்டர் பேப்பரும் ஒற்றுத் தாளுமாக அடுக்கி, மேலே கனமான புத்தகம் வைத்து நிமிர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டி கூடாது.

இதை மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். வெள்ளம் வடிந்ததும் ஆல்பம் ஈரமாகக் கையில் கிடைத்தால், இரண்டு நாள்தான் அவகாசம். அதற்குமேல் பூஞ்சை பிடித்துவிடும். உடனே பக்கம் பக்கமாக உலர்த்த ஆள் இல்லையா? மூடிய ஆல்பத்தைத் திறக்காமல், இறுக்கிப் பிடித்தபடி சுத்தமான தண்ணீரில் வெளிச்சேற்றை அலசி, வடியவிட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சையும் வளராது, பசையும் மேற்கொண்டு இளகாது. வீடு கழுவி, மின்சாரம் சீராகி, மனசு நிலைகொண்ட பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். ஊரில் மின்சாரம் இல்லையென்றால் தண்ணீர் புகாத ஊரில் இருக்கும் உறவினர் வீட்டு ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். 2015இல் சென்னையில் பலர் நனைந்த ஆல்பங்களை மொட்டை மாடி வெயிலில் விரித்துப் போட்டதைப் பார்த்தேன். நிறம் வெளுத்து, தலைகள் குழல் போலச் சுருண்டு, பிறகு நிமிர்த்தும்போது நடுவில் முறிந்தன. வெயில் வேண்டாம் என்று நான் ஓயாமல் சொல்வது அதனால்தான்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: ஸ்டீல் பீரோவின் அடித்தட்டில் ஸ்டாக் புக்குகளை (தலைகளை ஒட்டாமல் செருகி வைக்கும் ஆல்பங்களை) வைத்திருக்கிறேன். சிலிகா ஜெல் போட்டால் போதுமா?

அடித்தட்டிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்கள் பகுதியில் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று உங்களுக்கே தெரியும். மேல்தட்டும் வேண்டாம், கூரை ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். நடுத்தட்டு. பீரோ வெளிச்சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டி நிற்கக்கூடாது.

வெள்ளம் எப்போதோ வரும். காற்றின் ஈரம் ஆண்டுதோறும் வருகிறது, பசைத் தலைகளை அதிகம் கெடுப்பது அதுதான். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் தாளுக்கும் பசைக்கும் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி. மழைக்காலச் சென்னையில் 80ஐச் சாதாரணமாகத் தாண்டும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கி பீரோவுக்குள் வையுங்கள். அது இல்லாமல் சிலிகா ஜெல் போடுவது கண்ணை மூடிக்கொண்டு மருந்து சாப்பிடுவதற்குச் சமம். சிலிகா ஜெல் இறுக மூடும் டப்பாவுக்குள்தான் வேலை செய்யும். திறந்து மூடும் பீரோவில் ஊர்க்காற்றையெல்லாம் அது உறிஞ்சி முடிக்காது. ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும் வகை வாங்குங்கள். மாறியதும் சமையலுக்கு ஆகாத பழைய வாணலியில் மிதமாகச் சூடாக்கினால் பழையபடி உறிஞ்சும். நீல நிற வகையில் கோபால்ட் இருக்கிறது, சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஸ்டாக் புக்குகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிற்க வையுங்கள். மேலுள்ள கனம் அழுத்தினால் பசைத் தலைகள் பக்கத்தோடு ஒட்டும். உறை வாங்கும்போது பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். மூக்கைத் துளைக்கும் வாசனையோடு இருக்கும் பிவிசி உறை நாளடைவில் மையை உறிஞ்சிவிடும். அந்துருண்டையை ஆல்பத்துக்குள் போட வேண்டாம். ஏசி அறையில் வைத்திருப்பவர்கள் மழைநாளில் ஆல்பத்தை வெளியே கொண்டுவந்து உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த தாளின் மேல் நீர் படியும். மாசி, பங்குனியில் காய்ந்த நாளாகப் பார்த்து எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை புரட்டிக் காற்றாட விடுவது என் வழக்கம்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்கள் நைந்துவிட்டன. தண்ணீர் படாமல் இருக்க லேமினேட் செய்யலாமா?

கூடவே கூடாது. ஸ்டாம்ப் பேப்பரின் மேலுள்ள புடைப்பு முத்திரை அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் தட்டையாகிவிடும். மை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை உள்ளேயே வளரும். பிரித்து எடுக்கவும் முடியாது. நீதிமன்றத்தில் மூலப் பத்திரத்தை ஒருவர் ஆராய வேண்டிய நிலை வந்தால், பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் கையெழுத்தை எப்படிப் பார்ப்பது? செலோ டேப்பும் இதே ரகம்தான், மஞ்சளாகிக் கறை இறக்கும்.

மூன்று பக்கம் மூடிய பாலியெஸ்டர் உறையில், ஒட்டாமல், மடிக்காமல் வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் ஒன்றுக்கு மனுப் போட்டு வாங்கிவிடுங்கள். அன்றாட வேலைக்கு அந்த நகல் போதும், மூலப் பத்திரத்தை வெளியே எடுக்கவே வேண்டியிருக்காது. மிகவும் நைந்த பத்திரத்தைச் சரிசெய்ய, காகிதப் பராமரிப்புத் தெரிந்தவரிடமே போங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் இயங்குகிறது. அங்கே நேரில் ஆலோசனை கேட்டுப் பாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: உறையிலிருந்து தலையைப் பிரிக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது எல்லாத் தலைக்கும் சரியா மேடம்?

இல்லை தம்பி. 1952 முதல் நாசிக்கில் அச்சான ஃபோட்டோகிராவர் தலைகள் பெரும்பாலும் தாங்கும். குளிர்ந்த தண்ணீர், அகலப் பாத்திரம், ஒரு தடவைக்குக் கொஞ்சம் தலைகள். சிவப்பு, ஊதா, பழுப்பு உறைகளைத் தனியாகப் போடுங்கள், உறையின் சாயம் இறங்கும். 2006இல் வந்த சந்தன வாசனைத் தலை, 2011இல் கதர்த் துணியில் அச்சிட்ட காந்தி தலை, இவற்றைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கூடக் கொண்டுபோகாதீர்கள். பிரிட்டிஷ் காலத்து ஊதா, பச்சைத் தலைகளைப் பற்றி மேலே காரைக்குடி ஆச்சிக்கு எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ஊறப்போடுவதற்கு முன் உறையையும் பாருங்கள். முத்திரையில் ஊரும் தேதியும் தெளிவாக இருந்தால் அந்த உறையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது புரியாவிட்டாலும் சேகரிக்கச் சேகரிக்கப் புரியும்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: தாத்தா வைத்திருந்த திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளில் பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன. இது மற்றவற்றுக்கும் பரவுமா? போக்க முடியுமா?

ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் வருவது இது. ஈரம் தொடர்ந்தால் பக்கத்திலிருப்பவற்றுக்கும் வரும். புள்ளி உள்ளவற்றை வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி கிளாசின் (வழவழப்பான மெல்லிய காகித) கவரில் போட்டு, டப்பாவில் சிலிகா ஜெல்லும் ஈரப்பதக் கருவியும் வையுங்கள். ஈரம் குறைந்தால் புள்ளி அங்கேயே நின்றுவிடும். இருக்கிற புள்ளியை ரசாயனம் போட்டு வெளுக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாளின் வலுவும் தலையின் நிறமும் சேர்ந்து போகும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்த அஞ்சல் 1888இல் தலை வெளியிடத் தொடங்கியது, 1951இல் இந்திய அஞ்சலோடு இணைந்தது; அந்த அஞ்சலின் தலைகள் அவை. புள்ளியோடு இருந்தாலும் அந்தத் தாளிலுள்ள சங்கு நீர்க்குறியை (வாட்டர்மார்க்) வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பார்க்கலாம். தலையை நனைத்துப் பார்க்கச் சொன்னால் செய்யாதீர்கள். பழைய ஆல்பத்தை, அதன் அட்டை உட்பட, இந்தத் தலைகள் இருக்கும் அலமாரியில் வைக்க வேண்டாம். பூஞ்சை அங்கிருந்துதான் திரும்ப வரும்.